பட்டாளத்துப் பாட்டனாரின் பதிவேடுகள்

நம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர் வாங்கிய வீடு ஒன்று இருக்கும். ராஜா வாய்க்கால் பிரியும் ஜேடர்பாளையத்திலிருந்து காவிரிக் கரையோடு பரமத்தி வேலூர், மோகனூர் என்று சென்றால் இத்தகைய வீடுகளை வழியில் காணலாம். இன்று அவ்வீட்டில் ராணுவப் பணியில் உள்ளவர் எவரும் இல்லாமலிருக்கலாம். கொள்ளுப் பாட்டனாரோ அவருடைய தம்பியோ எக்காலத்திலோ பட்டாளத்துக்குப் போனார். பெயர் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. எந்தப் போருக்குப் போனார், எந்தப் படையில் இருந்தார், எங்கே மாண்டார் என்று கேட்டால் விடை தெளிவாக வராது. "ஜெர்மன் சண்டை" என்பார் ஒருவர். "பர்மாச் சண்டை" என்பார் மற்றொருவர். "பஸராவிலிருந்து மணியார்டர் வந்ததாம்" என்பார் வீட்டு மூதாட்டி.

மாணவர்களே, அந்தப் பெரியவரைத் தேடும் வழியைப் பற்றியே இங்கே சொல்லப் புகுகின்றேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஊரில் வாழ்ந்த ஓர் உழவரைப் பற்றிச் சர்க்கார் ஏடுகளில் என்ன இருக்கும்? நிலம் இருந்தால் பட்டாவில் பெயர் இருக்கும். வழக்காடியிருந்தால் கோர்ட்டுத் தஸ்தாவேஜில் இருக்கும். இரண்டும் இல்லாதவர் ஏடேறாமலே போய்விட்டார். ஆனால் அதே உழவரின் தம்பி பட்டாளத்தில் சேர்ந்த அன்றைக்கே, தகப்பனார் பெயர், கிராமம், தாலூகா, ஜில்லா, வயது, உயரம், உடலிலுள்ள மச்சம், தழும்பு, மாண்டால் பணம் பெறவேண்டிய நெருங்கிய வாரிசு ஆகிய அனைத்தையும் எழுத்தர் ஒருவர் எழுதி வைத்துவிட்டார். ஏழை ஒருவரைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்த வேறு அலுவலகம் அந்நாளில் இருந்ததா என்பது ஐயமே. இந்த ஏட்டுக்கு ராணுவத்தில் 'ஷீட் ரோல்' என்று பெயர்.

எத்தனை பேர் போனார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 13 லட்சம் பேர் பணியாற்றினர். சுமார் 74,000 பேர் மாண்டனர். 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தது. இவர்களுள் துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமல்லர். சமையற்காரர், தண்ணீர் சுமந்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர், சாலை போட்ட கூலிப்படையினர் யாவரும் அடங்குவர். 1914இல் காலாட்படைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். மழை பொய்த்தால் புன்செய் காய்ந்துபோகும் சேலத்துச் சமவெளியில், மாதந்தோறும் தவறாது வரும் 11 ரூபாய் எத்தகைய ஈர்ப்பாக இருந்திருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தேடலை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். அட்டத்தில் கிடக்கும் தகரப் பெட்டியைப் பெரியவர்களின் அனுமதியோடு இறக்கிப் பாருங்கள். பணி முடிந்து வந்தவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஓய்வூதியம் பெற்றவராயின் ஓய்வூதிய ஆணை இருக்கும். மணியார்டர் துண்டுகள், பழைய நிழற்படம், தொப்பியிலோ தோளிலோ அணிந்த பித்தளைச் சின்னம் எதுவாயினும் ஒதுக்கிவிடாதீர்கள். நிழற்படத்தின் பின்புறத்தையும் பாருங்கள். படம் பிடித்த கடையின் முத்திரை ஊரைச் சொல்லிவிடும்.

பதக்கங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த 'பிரிட்டிஷ் வார் மெடல்' என்ற வட்டப் பதக்கத்தில் ஒரு புறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபுறம் குதிரைமேல் அமர்ந்த வீரனின் உருவமும் இருக்கும். அதன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், பெற்றவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இப்பதக்கம் பெரும்பாலோருக்கு வெள்ளியில் கொடுக்கப்பட்டது; கூலிப்படையினருக்கு வெண்கலத்தில் கொடுக்கப்பட்டது. ஆகவே வெண்கலப் பதக்கம் இருந்தால், பெரியவர் சுமைதூக்கியோ மண்வெட்டியோ போர்க்களம் கண்டவர் என்று கொள்ளலாம். வெள்ளிப் பதக்கங்களுக்கு வேறொரு விதி வாய்த்தது. எத்தனையோ பதக்கங்கள் தட்டான் கடையில் உருகிக் கொலுசாயின. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பதக்கம், மூன்று தலைமுறைக் குழந்தைகளின் அரைஞாணில் கோத்துத் தேய்ந்திருந்தது. கண்ணால் படிக்க முடியவில்லை. விளிம்பின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். கல்வெட்டுக்குப் படி எடுப்பது போலத்தான். எண்ணில் முதல் இலக்கம் ஒன்றைத் தவிர மற்றவை தெரிந்தன. பதக்கத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கும் வீட்டார் இருந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இரண்டாம் போரில் பணியாற்றியவர்களுக்கு ஆறு முனைகள் கொண்ட வெண்கல நட்சத்திரங்கள் வழங்கப்பட்டன. 'பர்மா ஸ்டார்', 'ஆப்பிரிக்கா ஸ்டார்', 'இத்தாலி ஸ்டார்' என்று எழுத்திலேயே போர்முனை தெரிந்துவிடும்.

இவற்றிலெல்லாம் நாம் தேடும் பொருள் இரண்டே: எண்ணும் படைப்பிரிவும். பெயரை நம்பித் தேடுவது கடினம். முத்துசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எழுத்தருக்கு எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் ஏடுகளில் உண்டு. அன்றியும் ஒரே பட்டாலியனில் நாலைந்து முத்துசாமிகள் இருப்பர். எண் ஒன்றே அவர்களைப் பிரித்துக் காட்டும். எனினும் முதல் போர்க் காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்கெனத் தனி எண்வரிசை வைத்திருந்ததால், எண்ணோடு பிரிவின் பெயரும் சேர்ந்தாலன்றிப் பயனில்லை.

பெயருக்கு முன்னே வரும் பதவியிலும் ஒரு மயக்கம் உண்டு. 'நாயக்' என்பது ராணுவத்தில் சிப்பாய்க்கு மேலும் ஹவில்தாருக்குக் கீழும் உள்ள பதவி. நம் ஊரில் இதைக் குலப்பெயராக எண்ணி, 'இவர் நம்மவர் அல்லர்' என்று ஒதுக்கிவிட்ட வீடுகள் உண்டு. 'ஜமேதார்' என்ற பதவிப்பெயர் 1965இல் 'நாயப் சுபேதார்' என்று மாறியது. ஆகவே ஒருவரை ஜமேதார் என்றே ஏடு குறித்தால் காலம் 1965க்கு முற்பட்டது.

ஊர்ப்பெயரின் மயக்கமோ இதனினும் பெரிது. ஜேடர்பாளையம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லி ஒரு வகுப்பைக் கேட்டால் ஐந்து வடிவங்களாவது வரும். பட்டாளத்து எழுத்தரோ தமிழறியாத பஞ்சாபியாகவும் இருக்கலாம். வேலூர் என்று நாம் சொன்னால் பரமத்தி வேலூரைச் சொல்கிறோம். எழுத்தர் அதை வட ஆற்காட்டு வேலூராக எழுதிக்கொள்வார். இவை போதாவென்று ஜில்லா எல்லையும் மாறியது. நாமக்கல் தாலூகா 1910இல் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. 1929இல் மீண்டும் சேலத்துக்கே வந்தது. முதல் உலகப் போர் இந்த இடைக்காலத்தில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். அப்போது போன நாமக்கல் தாலூகாக்காரரைச் சேலம் ஜில்லாப் பட்டியலில் தேடினால் எவ்வாறு அகப்படுவார்? திருச்சிராப்பள்ளியில் தேட வேண்டும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1இல்தான். அதற்கு முற்பட்ட ராணுவக் காகிதம் எதிலும் நாமக்கல் மாவட்டம் என்று இராது. பூகோளப் பாடத்தை வெறுக்கும் மாணவர்கள் இதையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண் கிடைக்கவில்லை, படைப்பிரிவும் தெரியவில்லை, பணியாற்றிய காலம் மட்டும் தெரியும் என்றால் என் செய்வது? காலமே ஓரளவு வழிகாட்டும். முதல் போரில் சென்னை ராஜதானியிலிருந்து சென்ற காலாட்படைகளுள் 73ஆவது, 75ஆவது, 79ஆவது என்ற எண்கொண்ட 'கர்னாடிக்' படைகள் இருந்தன. கர்னாடிக் என்பது ஆற்காட்டு நவாபு ஆண்ட தமிழ்ச் சீமையைக் குறித்த பழைய பெயர். இன்றைய கர்நாடக மாநிலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. 1922இல் ராணுவம் திருத்தியமைக்கப்பட்டபோது இப்படைகள் '3ஆவது மதராஸ் ரெஜிமென்ட்' என்பதன் பட்டாலியன்களாயின. 73ஆவது கர்னாடிக் அதன் முதல் பட்டாலியன் ஆயிற்று. சில ஜாதியாரும் சில பிரதேசத்தாருமே போர்க்குணம் வாய்ந்தவர் என்றொரு கொள்கையை வெள்ளை அதிகாரிகள் அக்காலத்தில் பற்றி நின்றனர். சென்னையின் சிப்பாய்களைக் கொண்டே தென்னாட்டை வென்றவர்கள், அச்சிப்பாய்களின் பேரர்களைப் போருக்கு ஆகாதவர் என்று எழுதினர். சிக்கனமும் சேர்ந்துகொள்ள, 1920களின் இறுதிக்குள் அந்த ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. 1933இல் மதராஸ் பயனியர் படையும் கலைந்தது. பெங்களூரில் நிலைகொண்ட மதராஸ் சாப்பர் படை மட்டும் எஞ்சியது. பாலமும் பாதையும் அமைக்கும் பொறியியற் படை அது. ஆகவே பெரியவர் 1930களின் நடுவில் பட்டாளத்தில் இருந்தார் என்றால், அவர் சாப்பராக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. மதராஸ் ரெஜிமென்ட் இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் எழுப்பப்பட்டது.

படைப்பிரிவு தெரிந்தபின் எழுத வேண்டிய இடம் அப்பிரிவின் பதிவு அலுவலகம். மதராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன். சாப்பர் படைக்குப் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக். சிக்னல் படைக்கு ஜபல்பூர். மருத்துவப் படைக்கு லக்னோ. இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படியும் 2005 முதல் விண்ணப்பிக்கலாம். உறவுமுறையை விளக்கி, எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பாட்டனாரின் வீரத்தைப் புகழ்ந்து எழுத வேண்டா. எழுத்தருக்கு அது பயன்படாது.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் பெறாமல் விலகியவருடைய பணிக்கோவையை 25 ஆண்டுகள் வைத்திருந்து அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. 1946இல் வீடு திரும்பியவரின் கோவை எப்போதோ எரிந்து போயிருக்கும். எஞ்சுவது 'லாங் ரோல்' என்ற நீண்ட பேரேடு. அதில் ஆளுக்குச் சில வரிகளே உண்டு. சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம் என்ற அளவில் விடை வரும். அதுவும் பெரிதுதான்.

இனி ஓய்வூதியத்தைப் பற்றிப் பார்ப்போம். "எங்கள் பாட்டனார் பட்டாளத்தில் இருந்தது உண்மையானால் பென்ஷன் வந்திருக்குமே, வரவில்லையே" என்று ஐயுறும் குடும்பங்கள் பல. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டுப் பணி வேண்டும். இரண்டாம் போர்க் காலத்தில் சேர்ந்தவர்களுள் மிகப் பலர் நாலைந்து ஆண்டுகள் பணியாற்றி, போர் முடிந்ததும் ஒருமுறைப் பணம் பெற்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். பர்மாக் காட்டில் மலேரியாவோடு போராடியவரும் இவர்களுள் உண்டு. ஆதலால் ஓய்வூதிய ஏட்டில் பெயர் இல்லாமை, போருக்குப் போகாமைக்குச் சான்றாகாது. இவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்தம் விதவைகளுக்கும் என மாத உதவித்தொகை ஒன்றை ஏற்படுத்தியது. அதைப் பெற்றவர்களின் விவரம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியே சென்றது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அவ்வலுவலகங்கள் உள்ளன.

முழு ஓய்வூதியம் பெற்றவரோ, காயம்பட்டு ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெற்றவரோ, போரில் மாண்டவரின் குடும்பமோ ஆனால், அலகாபாத் என்று முன்பு வழங்கிய பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தின் ஆணை எண் இருக்கும். பணம் நம் ஊர்க் கருவூலத்தின் வழியாகவும் வங்கியின் வழியாகவும் வந்தது.

என் கருத்தில், பணி ஏட்டினும் ஓய்வூதிய ஏடே குடும்ப வரலாற்றுக்குச் சிறந்தது. பணி ஏடு ஆணைப் பற்றியது. ஓய்வூதிய ஏடு பெண்ணையும் பற்றியது. கணவன் மாண்டால் மனைவி தான் மனைவி என்பதை மெய்ப்பிக்க வேண்டும். மணம் நடந்தது எப்போது, குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுக்கு வயதென்ன, மாமனார் மாமியார் உயிரோடு உள்ளனரா என்பவற்றையெல்லாம் ஊர் அதிகாரி விசாரித்துச் சான்று எழுதினார். மறுமணம் செய்தால் ஓய்வூதியம் நிற்கும். கணவனுடன் பிறந்தவனையே மணந்தால் மட்டும் தொடரலாம் என்றும் விதி இருந்தது. கொழுந்தனை மணந்த ஒரு கொள்ளுப்பாட்டியைப் பற்றி வீட்டில் எவரும் வாய் திறவாமலிருந்தால், அதன் பின்னே இந்த விதியும் இருந்திருக்கலாம். பணம் பெறுபவரை அடையாளம் காண வலக்கன்னத்து மச்சமும் நெற்றித் தழும்பும் குறிக்கப்பட்டன. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் அக்காகிதங்களில் வைத்த கைநாட்டைத் தவிர, அவர் கையால் இவ்வுலகில் எஞ்சியது வேறொன்றும் இராது. ஏட்டின் கடைசிப் பதிவு அவர் இறந்த நாளைச் சொல்லும். இறப்புப் பதிவு ஒழுங்காக நடவாத காலத்துக்கு இதனினும் நம்பத்தக்க சான்று அரிது.

வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். சேரவேண்டும் என்ற ஆவலில் 16 வயதுப் பையன் 18 என்று சொன்னதுண்டு. பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலுமே பிறந்திருப்பதைக் கண்ட ஆசிரியர்களுக்கு இது புதுமையாக இராது.

பிற நாட்டிலும் ஓய்வூதிய ஏடு கைகொடுத்த வரலாறு உண்டு. 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டினால், முதல் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்களின் கோவைகளுள் பாதிக்கு மேற்பட்டவை எரிந்து போயின. அந்த இழப்பை ஓரளவு நிரப்ப உதவியவை ஓய்வூதிய அமைச்சகத்தில் தனியே கிடந்த கோவைகளே. நம் நாட்டுப் பஞ்சாபில் கிராம வாரியாக எழுதிய முதல் போர்ப் பேரேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் உறங்கின. ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரம் கொண்ட அவை 2021இல் பொதுமக்களுக்குத் திறக்கத் தொடங்கின.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, பின்னர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவராயின் வழி வேறு. அவருக்கு ராணுவ ஓய்வூதியம் இராது. 1972இல் மத்திய அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்தில் தேட வேண்டும். தேசிய ராணுவம் பற்றிய காகிதங்கள் புதுதில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கும்பினிக் காலம் வரை பின்னோக்கிச் செல்ல விரும்புவோர் எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். ஆனால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். கும்பினியின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு ஆண்டுப் பட்டியல்கள் லண்டனில் உள்ளன. நம் சிப்பாய்க்கு அவ்வாறில்லை. காயம், பதக்கம், குற்ற விசாரணை என்று ஏதேனும் நேர்ந்தால்தான் அவர் பெயர் ஏட்டில் எட்டிப் பார்க்கும்.

திரும்பி வராதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. 1917இல் நிறுவப்பட்டு, இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று வழங்கும் அமைப்பு, இரு போர்களிலும் மாண்டவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. இணையத்தில் எவரும் தேடலாம். இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தகப்பனார் பெயரும், மனைவி பெயரும், கிராமமும், ஜில்லாவும் அதில் உண்டு. பர்மாவில் மாண்டவருக்கு ரங்கூன் நினைவுத் தூணிலும், மலேயாவில் மாண்டவருக்குச் சிங்கப்பூர் கிராஞ்சியிலும், பிரான்சில் மாண்டவருக்கு 1927இல் திறந்த நவ் ஷாப்பேல் மண்டபத்திலும் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. மெசபொடேமியாவில் மாண்டவர் நிலை அவ்வாறன்று. 1929இல் திறந்த பஸரா நினைவுச்சின்னத்தில் ஆங்கிலேயர் அனைவருக்கும் பெயர் வெட்டினார்கள். இந்தியருள் அதிகாரிகளுக்கு மட்டுமே வெட்டினார்கள். சிப்பாய்களைப் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகக் குறித்து நிறுத்திக்கொண்டார்கள். நம் நாட்டு ஊர்கள் சிலவற்றில் சர்க்கார் நாட்டிய கற்பலகைகளும் இதே போக்கில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போயினர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற கணக்கை மட்டும் சொல்கின்றன.

இந்த வேற்றுமையை அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே விடுபட்டனர் என்றும் அவ்வறிக்கை கூறியது. விடுபட்ட பெயரைத் தகுந்த சான்றோடு யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்கு எழுதலாம். போர்ப்பணியில் இருந்தார் என்பதற்கும், அப்பணியாலோ பணிக்காலத்திலோ இறந்தார் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். மாண்டவரின் எண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் தாங்கி நிற்பது, பெரும்பாலும் அவருடைய மனைவி கைநாட்டு வைத்து வாங்கிய அந்த ஓய்வூதியக் காகிதமாகவே இருக்கும். மடிப்புகளில் கிழிந்திருந்தால் ஒட்டுநாடா போடாமல், அப்படியே விரித்து, இருபுறமும் நிழற்படம் எடுத்து அனுப்புங்கள். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.